ஹட்டன் பக்கக் கடைகளுக்கு கூகுள் ரிவியூ பார்த்துக் கொடுக்கிற வேலை: எங்கே தொடங்குறது, எவ்வளவு கேட்குறது?

மூடுபனி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பகல்ல ஆபிஸ் வேலை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகும் சனிக்கிழமையும் சேர்த்து வாரத்துக்கு எட்டு மணித்தியாலம் ஒதுக்கலாம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக் கடைகளுக்கு கூகுள் மேப்பில் வர்ற ரிவியூவைக் கவனிச்சு, பதில் எழுதி, விவரங்களைச் சரியா வச்சுக் கொடுக்குற வேலையை மாதக் காசுக்குச் செய்யலாம்னு யோசனை. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூணும் எழுத வரும். லெப்டொப்பும் போனும் தவிர வேற முதல் இல்லை.

எந்த மாதிரிக் கடை இதுக்குக் காசு தரும்? கடைக்காரரோட கணக்கை எப்படிக் கையில எடுக்குறது? மாதம் எவ்வளவு கேட்டா நியாயம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏழாங்கட்டை எழுதியது:

தம்பி, கடையைத் தெரிவு செய்றதிலேயே பாதி வேலை முடிஞ்சிடும். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: அந்தக் கடைக்கு வர்ற ஆளுக்கு அந்த ஊர் தெரியுமா, தெரியாதா?

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால இருக்குற பலசரக்குக் கடைக்குத் தோட்டத்துல இருந்து சாமான் எடுக்க வர்றவங்க ரிவியூ பார்த்து வர்றதில்லை. தாத்தா காலத்துக் கடன் கொப்பி இன்னும் அங்கதான் இருக்கும். அந்த முதலாளிகிட்ட ஸ்டார் பற்றிப் பேசினா, ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பிடுவார்.

காசு கிடைக்குறது வழி தெரியாத ஆள் வர்ற இடத்துல. எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா கெஸ்ட் ஹவுஸ்களும் ஹோம்ஸ்டேகளும் முதல்ல. ஏ-7 வீதியில கித்துல்கல, கினிகத்தேனை பக்கம் வண்டியை நிறுத்திச் சாப்பிடுற ஹோட்டல்கள் அடுத்தது. பிறகு கராஜ், டயர் கடை, பல் கிளினிக், கல்யாண மண்டபம். நடுவீதியில பிரேக் சூடாகி நிக்கிற கொழும்புக்காரர் போனை எடுத்து முதல்ல தேடுறது கராஜைத்தான். அவருக்கு 3.4க்கும் 4.4க்கும் உள்ள வித்தியாசம் பெருசு.

பருவத்தையும் கணக்கில எடுங்க. சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில தொடங்கி மே மாத வெசாக்கோட முடியும். மலையடிவாரத்து நல்லதண்ணிக் கடைக்காரரை டிசம்பர்ல போய்ப் பிடிச்சா உங்களோட பேச அவருக்கு நேரம் இருக்காது. ஒக்டோபர்ல போங்க. நுவரெலியாவுக்கு ஏப்ரல் சீசன். அவங்களைப் பிப்ரவரியிலேயே பார்த்துடணும்.

நேர்ல போறதுக்கு முன்னால வீட்டுல இருந்தே மேப்பைத் திறந்து சலிச்சு எடுங்க. 15 முதல் 80 வரைக்கும் ரிவியூ, 3.6 முதல் 4.3 வரைக்கும் ஸ்டார், கடைசி ஆறு மாசத்துல ஒரு பதிலும் இல்லை. இப்படி இருக்குற கடைதான் உங்களுக்கு. 600 ரிவியூவோட 4.7ல நிக்கிற ஆளுக்கு நீங்க தேவையில்லை. பகல் சாப்பாடு ஓய்ஞ்ச பிறகு, இரண்டரைக்கும் நாலுக்கும் இடையில போங்க. ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், டவுன் நிறைஞ்சு வழியும்.

கம்பிப்பாலம் எழுதியது:

கணக்கு விஷயத்தை நான் சொல்கிறேன். பெரும்பாலான தகராறுகள் இங்கேதான் முளைக்கின்றன.

பாஸ்வேர்ட் வாங்காதீர்கள். அவர் தந்தாலும் வேண்டாம். நீங்கள் புது லெப்டொப்பிலிருந்து உள்ளே போனால் கூகுள் முதலாளியின் போனுக்கு ஒரு கோட் அனுப்பும். அவர் கல்லாவில் மிச்சக்காசு எண்ணிக்கொண்டிருப்பார். நாளைக்கு மனக்கசப்பு வந்தால் "என் மெயிலையும் பார்த்தான்" என்று பேச்சு வரும். சரியான முறை இது: கடையின் புரொபைலுக்கு, அதாவது கூகுளில் கடைக்கென்று இருக்கும் பக்கத்துக்கு, முதலாளி ஓனராக இருக்க வேண்டும், நீங்கள் மேனேஜர். அவர் போனிலேயே கூகுளில் கடைப் பெயரைத் தேடி, மேலே வரும் மெனுவில் மூன்று புள்ளியைத் தொட்டு, பிசினஸ் புரொபைல் செட்டிங்ஸ், அதற்குள் பீப்பிள் அண்ட் அக்ஸஸ், அங்கே உங்கள் ஜிமெயில் முகவரி. இரண்டு நிமிட வேலை. மேனேஜரால் பதில் எழுதலாம், நேரம் மாற்றலாம், படம் போடலாம். புரொபைலை அழிக்கவோ ஆட்களை நீக்கவோ முடியாது. அது இரண்டு பேருக்குமே பாதுகாப்பு.

அதற்கு முன் ஒரு சிக்கல் வரும். அந்த ஜிமெயில் யாருடையது என்று முதலாளிக்கே தெரியாது. போன் வாங்கிய கடையில் யாரோ திறந்து கொடுத்ததாக இருக்கும். ரிகவரி நம்பர் முதலாளியுடையதுதானா என்று முதலில் பார்த்து மாற்றுங்கள். கடையை முன்பு வாடகைக்கு வைத்திருந்தவர் கையில் புரொபைல் இருந்தால், "ரிக்வெஸ்ட் அக்ஸஸ்" அனுப்புங்கள். இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள். அவர் பேசாமல் இருந்தால் நாமே உரிமை கோரும் வழி பெரும்பாலும் திறக்கும்.

புதிய புரொபைல் என்றால் இப்போது அநேகமாக வீடியோ கேட்பார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில், குறைந்தது 30 செக்கன். வீதியும் பக்கத்துக் கடையும் தெரியத் தொடங்கி, பெயர்ப்பலகை, பிறகு உள்ளே, கடைசியில் சாவி போட்டு லாச்சியையோ ஸ்டோர் கதவையோ திறப்பது. முதலாளியைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத ஒன்றைக் காட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. பின்னேரம் மூடுபனி இறங்கினால் பலகை வாசிக்கவே முடியாது, காலையில் எடுங்கள். முடிவு வர ஐந்து வேலைநாள் வரை ஆகலாம்.

பெயரைப் பலகையில் உள்ளபடியே போடுங்கள். கடைப் பெயரோடு "பெஸ்ட் பூட் இன் ஹட்டன்" என்று ஒட்டினால் புரொபைலையே முடக்கி வைக்கிற ஆபத்து உண்டு.

அடுத்தது பின், அதாவது மேப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டும் குறி. மலைநாட்டில் இதைச் சரி செய்தாலே சில கெட்ட ரிவியூக்கள் வராமல் நின்றுவிடும். மேல்வீதியும் கீழ்வீதியும் மேப்பில் ஒட்டினாற்போல் தெரியும், நேரில் இடையில் அறுபது படி. கெஸ்ட் ஹவுஸின் பின் தப்பான வளைவில் விழுந்தால், ஆட்களை ஏற்றி வரும் வான் தேயிலை மலைக்குள் போய் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நிற்கும். இரவு எட்டு மணிக்குப் பெட்டியோடு ஏறி வந்தவர் அறை எவ்வளவு நன்றாயிருந்தாலும் இரண்டு ஸ்டார்தான் போடுவார். நீங்களே வாசலில் நின்று, சட்டலைட் படத்தில் கூரையைப் பார்த்துப் பின்னை நகர்த்துங்கள்.

நேரமும் அப்படித்தான். தைப்பொங்கல், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டுக்கு "ஸ்பெஷல் அவர்ஸ்" என்ற இடத்தில் முன்கூட்டியே போட்டுவையுங்கள். ஏப்ரல் 13, 14இல் வேலையாட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், நுவரெலியாவுக்கு வருகிற கூட்டமோ அப்போதுதான் உச்சம். "ஓப்பன்" என்று மேப் சொல்லி, வந்து பார்த்தால் ஷட்டர் இறங்கியிருக்கும்.

மூடுபனி எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. மூணு இடத்துல பேச்சுவாக்குல கேட்டேன். ஒருத்தர் 50 ஃபைவ் ஸ்டார் வாங்கித் தர முடியுமாங்கிறார். இன்னொருத்தர், ஃபைவ் ஸ்டார் போடுறவங்களுக்கு டீ இலவசம்னு போர்ட் வைக்கலாமாங்கிறார். மூணாவது ஆளுக்கு ஒரு ஒன் ஸ்டாரைத் தூக்கணுமாம். என்ன பதில் சொல்றது?

பச்சைக்கொழுந்து எழுதியது:

மூன்றுக்கும் "முடியாது"தான். ஆனால் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும்.

வாங்கும் ரிவியூ: கூகுள் கண்டுபிடித்தால் அவற்றை நீக்குவதோடு நிற்காது. கொஞ்ச நாளைக்குப் புது ரிவியூவே வராமல் தடுக்கலாம், போலி ரிவியூ நீக்கப்பட்டது என்று புரொபைலிலேயே எச்சரிக்கையும் போடலாம். நம் நாட்டுச் சட்டமும் இருக்கிறது: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி ஏமாற்றும் விதமாக நடப்பதைத் தடை செய்கிறது. "மாட்டினால் போர்டில் உங்கள் பெயர்தான் முதலாளி, என் பெயர் இல்லை" என்று சொல்லுங்கள், புரியும்.

இலவச டீ: நல்ல ரிவியூவுக்கு மட்டுமல்ல, எந்த ரிவியூவுக்கும் பரிசோ கழிவோ கொடுப்பது விதிக்கு எதிர். சந்தோஷமாகப் போகிறவரிடம் மட்டும் கேட்டு, முகம் சுளித்தவரை விட்டுவிடுவதும் அப்படியே. பில் கொடுக்கும்போது எல்லாரிடமும் ஒரே வாக்கியம். டீ கொடுக்க ஆசையென்றால் எல்லாருக்கும் கொடுக்கட்டும், ரிவியூவோடு முடிச்சுப் போடாமல்.

ஒன் ஸ்டாரைத் தூக்குவது: வாடிக்கையாளராக வந்தே இராதவர், வேலையிலிருந்து நின்றவர், போட்டிக் கடைக்காரர், கெட்ட வார்த்தை, கடைக்குச் சம்பந்தமில்லாத அரசியல் ஆகியவற்றை ரிப்போர்ட் பண்ணலாம். முடிவு வரச் சில நாள் எடுக்கும். மறுத்தால் ஒரு முறை அப்பீல் பண்ணலாம். "விலை கூட", "சோறு ஆறிப்போயிருந்தது" எல்லாம் கருத்து. அது நிற்கும். நீக்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள், அதற்கென்று தனிக் காசும் வாங்காதீர்கள்.

முதலாளிக்கு ஒரு கணக்கைக் கடதாசியில் எழுதிக் காட்டுங்கள். 20 ரிவியூ, சராசரி 3.8 என்றால் மொத்தம் 76 ஸ்டார். 4.3க்கு ஏற 15 ஃபைவ் ஸ்டார் வேண்டும்: 76உடன் 75, மொத்தம் 151, அதை 35ஆல் வகுத்தால் 4.31. வாரத்துக்கு இரண்டு வந்தால் இரண்டு மாதத்துக்குள் முடிகிற காரியம். அதே 3.8, ஆனால் 200 ரிவியூ இருந்தால் 143 வேண்டும். முதலாவது கடையை எடுங்கள். இரண்டாவதை எடுத்தால் ஸ்டாரைப் பற்றிப் பேசாமல், பதில் எழுதுவதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

பதில் எழுதுவது பற்றியும் கொஞ்சம். "கொத்து வர முக்கால் மணி, வந்ததும் ஆறிப்போச்சு" என்று ஒருவர் போட்டிருந்தால், "நன்றி, மீண்டும் வருக" என்று எழுதுவது எரிகிறதில் எண்ணெய். இப்படி எழுதலாம்:

"வணக்கம். ஞாயிறு பகல் ஒரு கல்லில்தான் கொத்து போட்டோம், அதனால் தாமதம். ஆறிய சாப்பாட்டை மாற்றித் தந்திருக்க வேண்டும், தரவில்லை, மன்னியுங்கள். இப்போது ஞாயிறு 12 முதல் 3 வரை இரண்டாவது கல்லும் எரிகிறது."

எழுதும் முன் முதலாளியிடம் கேளுங்கள், இரண்டாவது கல் உண்மையில் எரிகிறதா? எரியாவிட்டால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். அடுத்த ஞாயிறு வருகிறவர் அதையே படமெடுத்துப் போடுவார்.

சிங்களத்தில் எழுதியவருக்குச் சிங்களத்திலேயே பதில். கெஸ்ட் ஹவுஸ் என்றால் அறை நம்பர், யாரோடு வந்தார், எத்தனை நாள் தங்கினார் எதுவும் பதிலில் வரக்கூடாது. பழைய ரிவியூ எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் பதில் போட்டுத் தள்ளாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் வந்தவருக்கும் நோட்டிபிகேஷன் போகும், மறந்திருந்த கோபம் திரும்ப எழும்பும். கடைசி 12 மாதம் போதும்.

ஏழாங்கட்டை எழுதியது:

ரிவியூ கேட்டுக் கடையில வைக்குற கார்ட் பற்றி யாரும் சொல்லலையே. புரொபைல்ல "ஆஸ்க் ஃபோர் ரிவியூஸ்" என்ற இடத்துல லிங்கும் கியூஆரும் காசில்லாம கிடைக்கும். வெளியில இலவச டயனமிக் கியூஆர் (வேற கம்பனி லிங்க் வழியா சுத்திப் போறது) செய்யப் போகாதீங்க. ட்ரயல் முடிஞ்சதும் லிங்க் செத்துடும், அடிச்ச கார்ட் எல்லாம் குப்பைக்கு.

மேசையில வைக்குறதுக்கு ஏ-6 அளவு, கியூஆர் 3 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுவர்ல ஒட்டி ஒரு மீட்டர் தள்ளி நின்னு ஸ்கேன் பண்றதுன்னா 10 சென்டிமீட்டர். சுத்திவர வெள்ளை ஓரம் விடணும், அதுல பூ வேலை போட்டா கெமரா தடுமாறும். லமினேட் பளபளப்பில்லாத மெட் வகையா இருக்கட்டும். பளபளப்பு லமினேட்டுல டியூப் லைட் பட்டா கோடு தெரியாது. நுவரெலியா ஈரத்துக்கு லமினேட் இல்லாத கடதாசி ஒரு மாசத்துல சுருண்டுடும். கியூஆருக்குக் கீழ மூணு மொழியிலும் ஒரு வரி போதும்.

கடை டெப்லெட்டைக் கொடுத்து "இதுலயே போடுங்க"ன்னு சொல்லாதீங்க. ஒரே மெஷின்ல இருந்து வரிசையா வந்தா போலின்னு சந்தேகம் வந்து ரிவியூ மறைஞ்சு போகலாம். சிக்னல் இல்லாத கீழ்த்தட்டுச் சாப்பாட்டறையில கார்ட் வைக்குறதும் வீண், கல்லா பக்கம் வைங்க.

கம்பிப்பாலம் எழுதியது:

கட்டணம். தொடக்க வேலைக்கு ஒருமுறை 7,500 ரூபா: இரண்டு தடவை நேரில் போவது, வீடியோ, பின், நேரம், 20 படம், மூன்று கார்ட். மாதம் 20 ரிவியூ வரை 3,500. கூகுளோடு ட்ரிப்அட்வைசர், புக்கிங்.காம் மூன்றையும் பார்க்க வேண்டிய கெஸ்ட் ஹவுஸுக்கு 7,500. இவை என் கணிப்பு. எல்லயில் கூடக் கேட்கலாம், தலவாக்கலையில் குறைக்க வேண்டி வரும்.

ஒரு கடைக்கு மாதம் இரண்டரை மணித்தியாலம் போகும். காகிதத்தில் பார்த்தால் உங்கள் நேரத்துக்கு 12 கடை. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போய் வரவே ஒரு பின்னேரம் போய்விடும் என்பதால் ஆறோடு நில்லுங்கள், அதுவும் ஒரே டவுனில்.

மாதத் தொடக்கத்திலேயே காசு. ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்து: என்ன செய்வேன், எத்தனை ரிவியூ, ஸ்டாருக்கு உத்தரவாதம் இல்லை, ஒரு மாத முன்னறிவித்தலோடு நிறுத்தலாம். ஒன்று, இரண்டு ஸ்டாருக்கான பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பி முதலாளியின் சம்மதம் வாங்கிய பிறகே போடுவது என்றும், 48 மணித்தியாலத்துக்குள் பதில் வராவிட்டால் சுருக்கமான மன்னிப்பு மட்டும் போடுவது என்றும் எழுதுங்கள். அதோடு, இரவில் கோபத்தில் அவர் தானே பதில் எழுத மாட்டார் என்றும். இந்தக் கடைசி வரிக்குச் சிரிப்பார்கள், ஆனால் தேவைப்படும்.

மாத முடிவில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்திலிருந்து அழைப்பு எத்தனை, வழி கேட்டவர் எத்தனை என்ற இரண்டு எண்ணை மட்டும் அனுப்புங்கள். முதலாளி பார்ப்பது அதைத்தான்.

தனிப் பெயரில் நடத்துவதென்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. வருமான வரிக்கு 2025 ஏப்ரல் முதல் வருட விலக்கு 18 இலட்சம் ரூபா. உங்கள் ஆபிஸ் சம்பளத்தையும் இதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

மூடுபனி எழுதியது:

நன்றி அண்ணாமாரே. நீங்க சொன்ன கணக்கு மாதிரியே 20 ரிவியூ இருக்குற ஒரு கராஜைத்தான் முதல்ல பார்க்கப் போறேன். மேப்பில இப்பவே திறந்து பார்த்தேன், பின் கீழ்வீதியில கிடக்கு.