தென் மண்டலக் காவலுக்கு எழுத்தில் ஒரு திட்டம் தேவையா?

வைகைக்கரையான்:

வருடக் கடைசியில் எஸ்.பி. அலுவலகங்களில் இருந்து செய்திக்குறிப்பு வரும். இத்தனை பேர் மீது குண்டாஸ், இத்தனை கிலோ கஞ்சா, இத்தனை சவரன் மீட்பு. படிக்க நன்றாகத்தான் இருக்கும். நான் பார்த்த வரையில் அதில் வராத கணக்கு ஒன்று உண்டு. புகார் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் கைக்குக் கிடைத்தது? வெட்டுப்பட்டுப் படுத்தவர்களில் எத்தனை பேருக்கு அரசு இழப்பீடு போய்ச் சேர்ந்தது? மீட்ட நகையில் எவ்வளவு உரியவர் வீட்டுக்குத் திரும்பியது?

மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம், தூத்துக்குடி, நெல்லை, தென்காசி, குமரி என்று இத்தனை மாவட்டத்துக்கும் மேலே தென் மண்டல ஐ.ஜி. என்று ஒருவர் இருக்கிறார். இந்த மண்டலத்துக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, சாதாரண மனிதர் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி ஒரு திட்டம் வெளியிட வேண்டும் என்பது என் கட்சி. ஆள் எத்தனை, காசு எவ்வளவு, எது முதலில் என்று அதில் இருக்க வேண்டும். முதலிடம் பாதிக்கப்பட்டவருக்கு, கேமராவுக்கு அல்ல. மறுப்பவர்கள் வரலாம்.

கடைவீதி கணேசன்:

வந்துவிட்டேன் அண்ணே. கேமரா மேல் உங்களுக்கு என்ன கோபம்? எங்கள் பஜாரில் வியாபாரிகள் சங்கம் கடைக்குக் கடை வசூல் பண்ணித்தான் மாட்டினோம். அதற்கு முன்னால் பூட்டை உடைத்தால் ஸ்டேஷனில் முதல் கேள்வி, "யார் மேல் சந்தேகம்?" பதில் தெரியாமல் திருதிருவென்று நிற்போம். இப்போது வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்றாவது காட்ட முடிகிறது. சென்னையில் ஏ.கே.விசுவநாதன் கமிஷனராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வந்ததே, மறந்துவிட்டீர்களா? செயின் பறித்தவன் போன வழியை ஒவ்வொரு கேமராவாகப் பார்த்துப் போய்ப் பிடித்தார்கள். திருட்டே நடக்காமல் இருந்தால் உதவித்தொகை எதற்கு?

ஏட்டையா:

தம்பிகளா, நான் இந்த வேலையில் தலை நரைத்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேருமே ஆள் கணக்கை விட்டுவிட்டீர்கள்.

சித்திரையில் மதுரையில் அழகர். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன். அதை ஒட்டி முன்னும் பின்னும் குலசேகரன்பட்டினம் தசரா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம். ஸ்டேஷனில் பாதிப் பேர் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். மிச்சம் யார்? பாராவுக்கு ஒருவர், ரைட்டர் ஒருவர், கோர்ட் வேலைக்கு ஒருவர்.

ராத்திரி ரோந்து போகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஏ.டி.எம். வாசலில், கோயில் மதிலில், பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கேட்டில் பட்டா புத்தகம், அதாவது ரோந்துப் பதிவு நோட்டு, தொங்கும். அதில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். காலையில் அதிகாரி அதைத்தான் பார்ப்பார். கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த புத்தகத்துக்கு ஓடுகிறவனுக்கு, அந்தத் தெருவில் புதிதாகக் குடிவந்தவன் யார் என்று எப்படித் தெரியும்? இதற்கு மேல் நீங்கள் ஒரு திட்டப் புத்தகம் கொண்டுவந்தால் அதற்கும் ஒரு கையெழுத்து வைப்போம், அவ்வளவுதான். அப்புறம், இழப்பீடு வாங்கிக் கொடுப்பது போலீஸ் வேலை இல்லை. அது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வேலை.

கறுப்புக் கோட்டு:

ஐயா, அந்த ஆணைக்குழு என்று ஒன்று இருப்பதையே பாதிக்கப்பட்டவருக்கு யார் சொல்வது? கோர்ட் வளாகத்தில் இருக்கும் அந்த அறையைத் தானாகத் தேடி வருகிறவர்கள் அபூர்வம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பற்றிய 357ஏ பிரிவு 2009 கடைசியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 396. தமிழ்நாட்டுக்கான இழப்பீட்டுத் திட்டம் 2013-இல் வந்தது. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மனு கொடுக்கலாம், இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. தலையில் தையலோடு வரும் கட்சிக்காரரிடம் இதைச் சொன்னால், "நிஜமாகவா மேடம்?" என்கிறார்.

இன்னொன்று. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 193. அது ஆணைக்குழு வேலை இல்லை, போலீஸ் வேலைதான்.

கணேசன் அண்ணன் கேமராவில் ஆளைப் பிடித்த கதை சொன்னார். பிடித்த பிறகு நடப்பதை நான் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு அம்மாவின் தாலிச் செயின் பறிபோய், ஆள் பிடிபட்டு, மேஜையில் நகையைப் பரப்பிப் படம் எடுத்துப் பேப்பரிலும் வந்துவிட்டது. அந்த அம்மா மறுநாளே கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். நகை கோர்ட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். அதை வாங்க மனு, ரசீது, பாண்டு, ஜாமீன்தாரர். கல்யாணத்தில் போட்ட செயினுக்கு ரசீது எங்கே இருக்கும்? ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் இன்னொரு சிக்கல்: மூன்று பேர் நகையைச் சேர்த்து உருக்கி ஒரே கட்டியாகத்தான் மீட்டிருந்தார்கள். இதில் யார் பங்கு எவ்வளவு?

இப்படிப்பட்ட பொருளைப் படம் எடுத்து, பட்டியல் எழுதி, பாண்டு வாங்கிக்கொண்டு சீக்கிரம் உரியவரிடம் கொடுத்துவிடுங்கள், வழக்கு முடியும்வரை பூட்டி வைக்காதீர்கள் என்று சுப்ரீம் கோர்ட் 2002-இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. சட்டம் இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த மனுவை இங்கே கொடுங்கள்" என்று சொல்ல ஆள் இல்லை. திட்டம் எழுதுவதாக இருந்தால் அங்கே தொடங்குங்கள்.

கடைவீதி கணேசன்:

மேடம், உங்கள் கதையிலேயே என் பதில் இருக்கிறது. ஆள் பிடிபட்டதால்தான் மனு போடுகிற பேச்சே வந்தது!

ஏட்டையா சொல்கிற ஆள் பஞ்சத்துக்கு ஒரு வழி உண்டு. 1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் எஸ்.பி.யாக இருந்தபோது 'போலீஸ் நண்பர்கள் குழு' தொடங்கினார். நம் மண்டலத்தில் பிறந்த யோசனை, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. ராத்திரி ரோந்துக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் உள்ளூர்ப் பையன்கள் கூட நிற்பார்கள். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

தாமிரபரணி:

கணேசன், அது ஏன் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு குழுவையே தடை செய்தது. சம்பளமும் இல்லை, துறை விசாரணையும் இல்லை, கையில் லத்தி மட்டும் என்றால் எங்கே போய் நிற்கும்?

கேமராவுக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். அந்த வருடம் டிசம்பரில்தான் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்தது. யார் கையில் அழிக்கும் பொத்தான் இருக்கிறது என்று சொல்லாத கேமராத் திட்டம் எனக்கு வேண்டாம்.

வைகைக்கரையானுக்கு ஒன்று. எங்கள் பக்கம் ஒரு கொலை விழுந்தால் பழிக்குப் பழி என்று அடுத்தது எப்போது என்றுதான் ஊர் பார்க்கும். பாதிக்கப்பட்டவருக்கு உதவி என்று பொதுவாக எழுதினால் சாதி மறைந்துபோகும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளைப் பாருங்கள். எந்த ஊரில் வன்கொடுமை நடக்கலாம் என்று முன்கூட்டியே கண்டறிய வேண்டும் என்று விதி 3 சொல்கிறது. 2016 திருத்தத்தின்படி கொலை என்றால் குடும்பத்துக்கு 8.25 லட்சம், பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் மீதி. எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று இவ்வளவு தெளிவாக எழுதிய சட்டம் இருக்கும்போது, புதிதாக ஒரு திட்டம் எதற்கு? இருக்கிறதைச் செய்தார்களா என்று மாவட்ட வாரியாகக் கேட்டால் போதும்.

லெஸ்டர் ராஜி:

இங்கிலாந்தில் இருந்து ஒரு குறிப்பு. நீங்கள் கேட்கிற மாதிரித் திட்டம் இங்கே சட்டப்படி கட்டாயம். 2011 சட்டப்படி பெரும்பாலான காவல் பகுதிகளுக்கு ஓட்டுப் போட்டு ஒரு ஆணையரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் காவல், குற்றத் தடுப்பு இரண்டுக்கும் திட்டம் வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கான சேவைகளுக்கு மத்திய அரசு தரும் பணத்தையும் அவர்தான் பிரித்துக் கொடுப்பார். அந்தச் சேவையைப் பெரும்பாலும் போலீஸ் செய்வதில்லை, தனி அமைப்புகள் செய்கின்றன. அதில் பழையது 1974-இல் பிரிஸ்டலில் தொடங்கியது. புகார் கொடுத்தால் வேறு ஒருவர் போன் செய்து, பூட்டு மாற்ற உதவி வேண்டுமா, கோர்ட்டுக்குக் கூட வரவேண்டுமா என்று கேட்பார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் நடந்த முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 15 சதவீதம்தான். 2028 மே மாதத்தோடு இந்தப் பதவியே வேண்டாம் என்று 2025 நவம்பரில் அரசு அறிவித்துவிட்டது.

ஏட்டையா:

பார்த்தீர்களா? திட்டம் போட்ட ஊரிலேயே கடையை மூடுகிறார்கள்.

லெஸ்டர் ராஜி:

மூடுவது தேர்தல் வைத்த பதவியை, ஐயா. வேலை மேயர்களுக்கோ உள்ளாட்சித் தலைவர்கள் இருக்கும் குழுவுக்கோ போகிறது.

வைகைக்கரையான்:

தாமிரபரணி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் மாவட்ட வாரியாகக் கேட்க, கணக்கு வெளியே இருக்க வேண்டும் அல்லவா? இப்போது ஒவ்வொன்றுக்கும் ஆர்.டி.ஐ. போட்டுக் காத்திருக்கிறோம்.

என் தங்கையின் ஸ்கூட்டி காணாமல் போனது. ஸ்டேஷன் பெயர் வேண்டாம். மனுவைத் திரும்ப எழுதச் சொன்னார்கள். 'திருடு போனது' என்பதை எடுத்துவிட்டுக் 'காணவில்லை' என்று. கையில் கொடுத்தது, மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும். இன்சூரன்ஸ்காரர் எஃப்.ஐ.ஆர். கேட்கிறார். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி தீர்ப்பு வந்த பிறகு நடந்த கதை இது. ஏட்டையா, ஏன் இப்படி?

ஏட்டையா:

ஒளிக்காமல் சொல்கிறேன். மாதாமாதம் கிரைம் மீட்டிங் நடக்கும். "உன் சரகத்தில் போன மாதத்தைவிட ஏன் கூடியது?" என்று இன்ஸ்பெக்டரை நிற்க வைத்துக் கேட்பார்கள். எஃப்.ஐ.ஆர். போடாவிட்டால் எண்ணிக்கை ஏறாது. அதனால்தான் பயப்படுகிறேன். உங்கள் திட்டத்தில் 'குற்றத்தைப் பத்து சதவீதம் குறைப்போம்' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், அடுத்த மாதமே குறைந்துவிடும். குறைவது திருட்டு அல்ல, எஃப்.ஐ.ஆர்.! எதை எண்ணினாலும் அதை எங்களால் சரிசெய்து காட்ட முடியும்.

கறுப்புக் கோட்டு:

அப்படியானால் போலீஸ் கையில் இல்லாத கணக்கை எண்ணுவோம். எந்த ஸ்டேஷன் வழக்கில் இருந்து இழப்பீட்டு மனு வந்தது என்பது ஆணைக்குழுவின் பதிவேட்டில் இருக்கும். மீட்ட நகை எந்தத் தேதியில் உரியவருக்குப் போனது என்பது கோர்ட் பதிவேட்டில் இருக்கும். ஒரு வருடம் முழுக்க ஒரு ஸ்டேஷனில் இருந்து இழப்பீட்டு மனு ஒன்றுகூட வரவில்லை என்றால், அங்கே யாருக்கும் அடிபடவில்லை என்று அர்த்தமா? இந்த இரண்டு கணக்கை மட்டும் மண்டலம் முழுக்க வெளியிடட்டும். குற்ற எண்ணிக்கை இலக்கே வேண்டாம்.

ஏட்டையா:

இது கொஞ்சம் கஷ்டம்தான், ஏமாற்றுவதைச் சொல்கிறேன். சரி, மனு எழுத உதவுகிற ஆள் யார்? பந்தோபஸ்துக்கு இழுக்க முடியாத ஆளாக இருக்க வேண்டும். போலீஸ்காரரைப் போட்டீர்கள் என்றால் அக்டோபர் கடைசியில் அவரும் பசும்பொன்னில்தான் நிற்பார். ஆணைக்குழுவின் தன்னார்வலரை வாரத்தில் இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வையுங்கள். அதற்கு நாற்காலி போட நான் சிபாரிசு செய்வேன். மண்டலத் திட்டம், மூன்று வருடம், அச்சிட்ட புத்தகம் எல்லாவற்றுக்கும் என் ஓட்டு இல்லை.

கடைவீதி கணேசன்:

எல்லாரும் பேசி என் கேமராவை ஓரம் கட்டிவிட்டீர்கள். எங்கள் பஜாரில் மாட்டியதில் பாதி இப்போது வேலை செய்யவில்லை. குரங்கு வயரை இழுத்தது ஒன்று, மழையில் போனது ஒன்று. சங்கத்தில் மறுபடி வசூல் என்றால் யாரும் அசைவதில்லை, ஸ்டேஷனில் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். திட்டம் எழுதுகிறவர்கள் பராமரிப்புச் செலவு யாருடையது என்று ஒரு வரி போடுங்கள். போட்டால் நானும் கையெழுத்து வைக்கிறேன், மேடம் சொன்ன இரண்டு கணக்கோடு சேர்த்து.