ஷேக் அயாஸ் கவிதை: சிந்தி விமர்சனம் தேடுகிறேன்

வணக்கம் நண்பர்களே. பாகிஸ்தானின் சிந்தி மொழிக் கவிஞர் ஷேக் அயாஸ் (1923–1997) பற்றிச் சிற்றிதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதுகிறேன், பாதியில் நிற்கிறது.

1965 இந்திய–பாகிஸ்தான் போரின்போது அவர் எழுதிய கவிதைதான் மையம். எதிரே நிற்பவன் நாராயண் ஷியாம், அவனை நோக்கி எப்படித் துப்பாக்கி தூக்குவேன் என்று கேட்கிறார். ஷியாமும் சிந்திக் கவிஞர்தான், பிரிவினைக்குப் பின் இந்தியாவுக்கு வந்தவர். எதிரிக்கு ஒரு கவிஞனின் பெயரைச் சூட்டிய துணிச்சல் என்னை விடவே இல்லை. இதற்காக அயாஸைத் துரோகி என்றார்கள்.

கிடைத்த ஆங்கிலக் கட்டுரைகள் எல்லாம் அவரை 18ஆம் நூற்றாண்டுச் சிந்தி சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீபின் வாரிசாக, சூஃபியாகவே பார்க்கின்றன. அந்தப் பார்வை போதாது என்பது என் எண்ணம். பல்கலைக்கழக நூலகத்தில் உருதுப் புனைகதை பற்றி நிறைய இருக்கிறது, சிந்திக்கு ஒன்றுமில்லை. இணையத்தில் அகப்பட்டவை அரபு வரிவடிவச் சிந்தி, எனக்கு வாசிக்கத் தெரியாது. இந்தி, ஆங்கிலம் படிப்பேன். தேவநாகரியில் அச்சான சிந்தியையும் மெல்லப் படித்துவிடலாம். அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டுரை போக வேண்டும்.

இந்தக் கவிதையைப் பற்றிப் பாகிஸ்தான் சிந்தி விமர்சகர்கள் எழுதியது, நான் படிக்கக்கூடிய வடிவில் எங்கே கிடைக்கும்?