ரீஃபர் (குளிரூட்டும்) பெட்டி சுங்கத்தில் மாட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இழை தொடங்கியவர்:

முதலில் என் கதை. இரண்டு ரீஃபர் கண்டெய்னர் திராட்சை. கப்பல் வந்து பெட்டி இறங்கியாயிற்று, வரியும் கட்டியாயிற்று, மறுநாளுக்கு லாரிகூடச் சொல்லி வைத்துவிட்டேன். பழத்தில் பூச்சியோ நோயோ இல்லை என்று ஏற்றுமதி நாடு தரும் பயிர்நலச் சான்றிதழில் கண்டெய்னர் எண்ணின் ஒரு இலக்கம் மாறியிருக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். வெறும் தட்டச்சுப் பிழை. ஏற்றுமதியாளர் அதைத் திருத்தி வாங்கி அனுப்ப ஆறு நாள் ஆனது. அது கைக்கு வந்த அன்றைக்கு, சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள் என்று வேறொரு சந்தேகம் கிளம்பியது, அதற்குத் தனிக் கோப்பு, தனி அதிகாரி, அவர் மூன்று நாள் விடுப்பில்.

பதினோராம் நாள் நீதிமன்றம் போனோம். மனுவில் கேட்டது ஒன்றே ஒன்று, சரக்கை விடுவிக்க வேண்டும் என்று. எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய இரண்டு வாரம் வாய்தா வாங்கியது. அடுத்த விசாரணைக்கு முன்னால் அனுமதி வாங்கிப் பெட்டியைத் திறந்தோம். காம்பெல்லாம் காய்ந்து பழுப்பேறி, கொத்தைத் தூக்கினால் பழம் பொலபொலவென்று உதிர்கிறது, அடி அட்டைகளில் சாம்பல் நிறப் பூஞ்சணம். விசாரணையில் நீதிபதி கேட்டார், "விடுவிக்கச் சொல்கிறீர்களே, விடுவிக்க என்ன மிச்சம் இருக்கிறது?" என் வழக்கறிஞரிடம் பதில் இல்லை.

அழுகியதை அழிக்கிற செலவும் என் தலையில்தான். அதோடு ரீஃபரைச் செருகி வைத்ததற்கு மின்கட்டணம், துறைமுகத்துக்கு டெமரேஜ் (சரக்கு எடுக்காமல் கிடந்ததற்கான கட்டணம்), கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன். (சுங்கம் சரக்கைப் பிடித்து வைத்தாலும் டிடென்ஷன், பெட்டியைத் திருப்பித் தரவில்லை என்று கப்பல்காரர் போடுவதும் டிடென்ஷன். முதல் பில் வந்தபோது சுங்கம் போட்ட அபராதம் என்று நினைத்து அலறியடித்து ஓடினேன்.)

வழக்கு இன்னும் முடியவில்லை. உங்களில் யாராவது இதில் ஜெயித்திருக்கிறீர்களா?

கிளியரிங் ஏஜென்ட் ஒருவர்:

கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஆறு நாளில் எத்தனை கடிதம் எழுதினீர்கள்? போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. நேரில் போய்க் காத்திருந்ததும் வராது. பொருள் அழுகக்கூடியது, இந்த வெப்பநிலையில் இத்தனை நாள்தான் தாங்கும், தாமதத்துக்கு என்ன காரணம் என்று எழுத்தில் சொல்லுங்கள் என்று முதல் நாளே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. ரீஃபர் இயந்திரமே வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே இருக்கும், அந்தத் தரவை இறக்கி வைத்தீர்களா? ஒரு பார்ட்டி எல்லாப் பழியையும் சுங்கத்தின் மேல் போட்டு நஷ்டஈடு கேட்டார். எதிர்த்தரப்பு அந்தப் பதிவை வரவழைத்துப் பார்த்தால், பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டில் இதை இடம் மாற்றியபோது ஒன்பது மணி நேரம் மின் இணைப்பே இல்லை. சரக்கு கெட்டது அதனால்தான், நாங்கள் பிடித்து வைத்ததால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் யார்டு மேல் வழக்கே போடவில்லை, போட நினைத்தபோது காலக்கெடு தாண்டிவிட்டது.

மாதிரி எடுக்கிற விஷயத்திலும் கவனம் வேண்டும். உறைந்த மீன் ஒன்றில் ஆய்வக முடிவு எங்களுக்கு எதிராக வந்தது. மறுபரிசோதனை கேட்டோம், சரி என்றார்கள். போய்ப் பார்த்தால் இரண்டாவது மாதிரியை உறைநிலையில் வைக்கவே இல்லை, சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டியது! கெட்டுப்போன மாதிரியை வைத்து எங்கள் சரக்கு நல்லது என்று எப்படி நிரூபிப்பது? அதற்குப் பிறகு எந்த மாதிரி எடுத்தாலும் எங்கள் ஆள் கூட இருந்து, கையெழுத்துப் போட்டு, எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பதை மகஜரிலேயே (மாதிரி எடுத்ததைப் பதியும் பத்திரம்) எழுதச் சொல்லிவிடுவார்.

ஓய்வுபெற்ற அதிகாரி:

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். எண் பிழைதான் என்று உங்களுக்குத் தெரியும். மேசையில் இருப்பவருக்கு அது வேறு பெட்டியின் சான்றிதழாகவும் இருக்கலாம். விடுவித்த பிறகு பூச்சி வந்தாலும் நஞ்சு வந்தாலும் கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்பார்கள். பிடித்து வைத்ததற்காக யாரும் அவரைக் கேட்பதில்லை. அது நியாயமா என்றால் இல்லை, ஆனால் நடப்பது அதுதான்.

1989 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா துறைமுகத்தில் சிலி நாட்டுத் திராட்சையில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். இரண்டே இரண்டு பழத்தில் சயனைடு தடயம் என்றார்கள், அந்த நாட்டுப் பழம் உள்ளே வருவதையே உணவு மருந்து நிர்வாகம் நிறுத்திவிட்டது. தடை சில நாளில் நீங்கியது, ஆனால் பழம் காத்திருக்குமா? தோட்டக்காரர்களும் இறக்குமதியாளர்களும் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது அரசின் விருப்புரிமைக்கு (சூழலைப் பார்த்துத் தானே தீர்மானிக்கும் உரிமைக்கு) உட்பட்ட முடிவு, இதற்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்று தள்ளிவிட்டது. ஆய்வு சரியா தவறா என்ற கேள்விக்குள் போகவே வேண்டியிருக்கவில்லை.

வழக்கறிஞர்:

மேலே சொன்னது சரி, ஆனால் அதைப் படித்து மனம் விட்டுவிட வேண்டாம். இழை தொடங்கியவரின் மனுவில் இருந்த குறை, ஒரே ஒரு நிவாரணம் கேட்டது. நான் எப்போதும் அடுக்காகக் கேட்பேன். பிணைப்பத்திரமும் வங்கி உத்தரவாதமும் வாங்கிக்கொண்டு தற்காலிகமாக விடுவியுங்கள், அது முடியாதென்றால் உடனே ஏலம் விட்டுப் பணத்தை வழக்கு முடியும்வரை டெபாசிட்டாக வையுங்கள், அதுவும் முடியாதென்றால் இரு தரப்பும் கூடி நின்று சரக்கின் நிலையை இன்றே சர்வே எடுக்கட்டும். இரண்டாவதுக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞரே தலையாட்டிவிடுவார், அரசுக்கும் அழுகிய பழம் வேண்டாமே. பழம் போனாலும் சண்டை போடப் பணமாவது மிஞ்சும்.

நாட்டுக்கு நாடு பிரிவு எண் மாறும். இந்தியாவின் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் தற்காலிக விடுவிப்புக்கு 110ஏ, அழுகக்கூடியதை முன்கூட்டியே அப்புறப்படுத்த 110(1ஏ). அதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். 110ஏ என்பது முறையாகக் கைப்பற்றிய பொருளுக்கு. கைப்பற்றும் உத்தரவே போடாமல் "பிடித்து வைத்திருக்கிறோம்" என்று வாய்மொழியில் இழுத்தால் அந்தப் பிரிவில் போய் நிற்கவே முடியாது. அதனால் சில நேரம், தயவுசெய்து கைப்பற்றுங்கள் என்று நாமே கெஞ்ச வேண்டி வரும். சிரிக்காதீர்கள், நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கிளியரிங் நண்பர் சொன்ன கடிதத்துக்கு ஒரு பலம் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்க ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7.9ஆம் விதி முழுக்க அழுகும் பொருளுக்குத்தான்: சோதனையில் முன்னுரிமை, உரிய கிடங்கு வசதி, தாமதம் பெரிதானால் காரணத்தைத் தெரிவிப்பது. இந்தக் கடைசியானது எழுத்தில் கேட்டால்தான், அதுவும் இயன்ற அளவுக்குத்தான். மறுபரிசோதனையைப் பற்றிய 5.3இலும் "வழங்கலாம்" என்றுதான் இருக்கிறது, "வழங்க வேண்டும்" என்று இல்லை. இதை மட்டும் நம்பி வழக்குப் போட முடியாது. ஆனால் கடிதத்துக்குப் பதிலே தரவில்லை என்று காட்டினால் நீதிபதியின் முகம் மாறும்.

காப்பீட்டுத் துறை:

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு என்று நாங்கள் விற்கிற இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸஸ் (ஏ) என்ற சரக்குக் காப்பீட்டு நிபந்தனைகளிலேயே 4.5ஆம் பிரிவு தாமதத்தால் வரும் நஷ்டத்தை விலக்கிவிடுகிறது. பாலிசி எடுக்கும்போது யாரும் படிப்பதில்லை, கிளெய்ம் நிராகரித்த பிறகுதான் எங்களுக்கே படித்துக் காட்டுகிறார்கள்.

இழை தொடங்கியவர்:

எல்லோருக்கும் நன்றி, கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. எழுத்தில் ஒரே ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன், அதுவும் ஒன்பதாம் நாள். அழுகும் பொருள் என்ற வார்த்தையே அதில் இல்லை, "அவசரம்" என்று மட்டும் இருக்கிறது. நேற்று ரீஃபர் தரவு கேட்டுக் கப்பல் கம்பெனிக்கு எழுதினேன். இயந்திரம் அடுத்த பயணத்துக்குப் போய்விட்டதாம், பழைய பதிவு அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ஏற்றுமதியாளர் பெட்டிக்குள் போட்டுவிட்ட சின்ன வெப்பநிலைக் கருவி ஒன்று இருந்திருக்க வேண்டும். அழிக்கப் போனபோது கூட வந்த சர்வேயர் எதையோ எடுத்துப் பையில் போட்டது ஞாபகம் இருக்கிறது. காலையிலிருந்து அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.