சிறுகிழங்கு குழையாமல் வேக என்ன வழி?

மார்கழி பிறந்ததும் எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் சிறுகிழங்கு, பச்சை மொச்சை, அவரைக்காய், பரங்கிக்காய் எல்லாம் வந்து குவிந்துவிட்டன. ஆசை ஆசையாய் 2 கிலோ சிறுகிழங்கு வாங்கி வந்தேன். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, மண் போக அலசி, சாக்கில் போட்டுத் தேய்த்தால் பாதித் தோல்தான் போகிறது, மீதியைக் கத்தியால் சுரண்டி முடிப்பதற்குள் விரலெல்லாம் கறுத்துவிடுகிறது. சரி, அதுகூடப் பரவாயில்லை. குக்கரில் ஒரே ஒரு விசில் விட்டாலும் மாவாய்க் குழைந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்ய? அம்மா சட்டியில் வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் ஒன்றிரண்டாய்த் தட்டிப் போட்டுப் பிரட்டுவாள், ஒவ்வொரு கிழங்கும் முழுசாய் நிற்கும். உப்பை எப்போது போடுவாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

அப்புறம் இன்னொன்று. அத்தைக்கு வயது 78, மொச்சை என்றால் உயிர், ஆனால் ராத்திரி சாப்பிட்டால் வயிறு உப்புசமாகிவிடுகிறது என்கிறார்கள். இப்போதைக்கு ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி, பெருங்காயமும் பூண்டும் கூடுதலாய்ச் சேர்த்து மதியம் மட்டும் கொடுக்கிறேன். ராத்திரிக்குச் சூடாக, எளிதில் செரிக்கிற மாதிரி இந்தக் காய்களிலேயே ஏதாவது செய்ய முடியுமா? திருவாதிரைக்குத் தாளகம் (பல காய்கள் போட்டு, எள் வறுத்து அரைத்துச் சேர்க்கும் குழம்பு) வைக்கிறவர்கள், எள்ளை எந்தப் பக்குவத்தில் வறுப்பீர்கள் என்றும் கொஞ்சம் சொல்லுங்களேன், போன வருஷம் எனக்குக் கசந்துவிட்டது.