முனையம் மௌனமாகும்போது

வணக்கம் நண்பர்களே. பள்ளி நாட்களிலேயே என் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது. வரைகலைத் திரை ஏதும் நிறுவாத, டெபியன் லினக்ஸ் என்னும் இயங்குதளம் கொண்ட ஒரு கணினியில், பேசும் முனையத்தைக் (கட்டளையைத் தட்டி, விடையை எழுத்தாகப் பெறும் திரை) கொண்டே பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். முனையம் பேசி உதவிய அனுபவங்களைப் பற்றி நீங்கள் இங்கே பகிர்ந்தவற்றை மகிழ்ச்சியோடு வாசித்தேன். அது பேசாமல் இருந்த இரண்டு தருணங்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

டெபியனை நிறுவும்போது நான் யாருடைய உதவியையும் நாடவில்லை. தொடக்கப் பட்டியல் ஆயத்தமானதும் ஒரு பீப் ஒலி எழும். 'எஸ்' விசையையும் என்டரையும் அழுத்திவிட்டுப் பொறுத்திருந்தால், எழுத்தைப் பேச்சாக மாற்றும் ஈஸ்பீக் மென்பொருளின் குரல் முதல் கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடும். அன்றுமுதல் எனக்குத் துணையாக இருப்பது, லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்குள்ளேயே இயங்கும் ஸ்பீக்கப் என்னும் திரைவாசிப்பான். எண் விசைத்தளத்தின் 8 நடப்பு வரியைப் படிக்கும். 7 முந்தைய வரியையும் 9 அடுத்த வரியையும் படிக்கும். 5 சொல்லுக்கு, 2 எழுத்துக்கு. கட்டளைக்கான விடை அதன் கீழேயே வரிசையாக வந்து நிற்பதால், எதையும் திரை முழுக்கத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த ஒழுங்கை நம்பித்தான் முனையத்தோடு தங்கிவிட்டேன்.

முதல் இடர் ஒரு நட்சத்திரக் குறியால் வந்தது. நிறுத்தக்குறிகளை எந்த அளவுக்கு ஒலிக்க வேண்டும் என்பதற்கு ஸ்பீக்கப்பில் நான்கு நிலைகள் உண்டு. குறிகள் மிகுந்தால் காது களைத்துவிடும் என்பதால், 'சில குறிகள் மட்டும்' என்ற நிலையில் வைத்திருந்தேன். அந்த நிலையில் நட்சத்திரக் குறி ஒலிப்பதில்லை. ஒருநாள் பழைய கட்டளை ஒன்றை மேலம்பு விசையால் வரவழைத்து, அதில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு, 8-ஐ அழுத்திக் கேட்டேன். 'ஆர்எம் டிராஃப்ட்' என்று ஒலித்தது. டிராஃப்ட் என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் நீக்கும் கட்டளை என்று நம்பி என்டரைத் தட்டினேன். சொல்லை மாற்றியபோது அந்தச் சொல்லுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி புகுந்திருந்ததை நான் அறியவில்லை. சொல்லோடு ஒட்டி நின்றால் அந்தச் சொல்லில் தொடங்கும் கோப்புகளைக் குறிக்கும் நட்சத்திரம், தனித்து நின்றால் எல்லாக் கோப்புகளையும் குறித்துவிடும். இடைவெளிக்கும் ஒலி இல்லை, நட்சத்திரத்துக்கும் ஒலி இல்லை. அந்தக் கோப்புறையில் இருந்த கோப்புகள் அத்தனையும் போய்விட்டன. இரண்டு மாதங்களாகத் தட்டச்சு செய்த கட்டுரைகள் அவை. இப்போதெல்லாம் அழிக்கும் கட்டளை எதுவானாலும், அடுத்த எழுத்தைப் படிக்கும் 3-ஐத் தட்டித் தட்டி எழுத்து எழுத்தாகக் கேட்ட பிறகே என்டரைத் தொடுகிறேன்.

இரண்டாவது, ஓர் இரவு நேரப் புதுப்பித்தலின்போது நேர்ந்தது. மென்பொருள் பொதிகள் ஒவ்வொன்றாக நிறுவப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் குரல் நின்றுபோனது. பார்வையுள்ளவர் திரையை ஒருமுறை பார்த்தால் வேலை நடக்கிறதா, முடிந்துவிட்டதா, ஏதேனும் கேள்வி கேட்டுக் காத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வார். எனக்கோ இவை மூன்றும் ஒரே மௌனம். குரலே செத்துப்போயிருக்கலாம் என்ற நான்காவது ஐயமும் உண்டு. பாதியில் மின்சாரத்தைத் துண்டித்தால் அமைப்பே சிதைந்துவிடும் என்ற அச்சத்தில் இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் ஒரு வழி நினைவுக்கு வந்தது. லினக்ஸில் முனையத்தின் திரையும் ஒரு கோப்புதான். 'டெவ்' கோப்புறையில் 'விசிஎஸ்1' என்ற பெயரில் முதல் முனையத்தின் எழுத்துகள் அப்படியே கிடைக்கும். பேசும் வசதியுள்ள என் கைப்பேசியிலிருந்து தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்து, ரூட் எனப்படும் முழு நிர்வாகி உரிமையோடு அந்தக் கோப்பைப் படித்தேன். அதில் வரிமுறிவுகள் இருப்பதில்லை. 25 வரிகளும் வரிக்கு 80 இடங்களுமாக 2000 இடங்கள் ஒரே சரமாக வந்தன. 'ஃபோல்ட்' கட்டளையால் 80 எழுத்துக்கு ஒரு வரியாக மடித்துக் கேட்டேன். அமைப்புக் கோப்பு ஒன்றைப் பழையபடியே வைத்துக்கொள்ளவா, புதியதை ஏற்கவா என்று பொதிகளை நிறுவும் டிபிகேஜி நிரல் என்னைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தது. கணினியின் விசைப்பலகையில் 'என்' என்று தட்டி என்டர் அழுத்தினேன். பழைய கோப்பு நிலைத்தது, புதுப்பித்தல் தொடர்ந்தது. ஒலிச் சேவை புதுப்பிக்கப்பட்டபோது குரல் அறுந்திருந்தது. ஸ்பீக்கப்பையும் ஈஸ்பீக்கையும் இணைக்கும் ஈஸ்பீக்கப் சேவையை மீண்டும் தொடங்கியதும் அந்தக் குரல் திரும்பிவந்த கணத்தில் என் கண்கள் கலங்கிவிட்டன.

புனேயில் பிறந்தவரும் பார்வையற்றவருமான டி. வி. ராமன் 1995இல் வெளியிட்ட, ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பானைப் பேசவைக்கும் ஈமாக்ஸ்பீக்கை, இந்த அனுபவத்துக்குப் பிறகே நான் கருத்தூன்றிப் பயன்படுத்தத் தொடங்கினேன். கோப்பு திறந்தால் ஓர் ஒலி, சேமித்தால் வேறோர் ஒலி என்று, நடந்து முடிந்த செயலையே அது காதுக்குச் சொல்லிவிடுகிறது. வெறும் முனையத்தில் இருக்கும்போது அதே வசதியை நானே உண்டாக்கிக்கொள்கிறேன்: நீண்ட கட்டளை எதுவானாலும் அதன் இறுதியில் மணியொலி எழுப்பும் சிறு கட்டளை ஒன்றைச் சேர்த்துவிடுவேன். மணி ஒலிக்கும்வரை வேலை முடியவில்லை என்று பொருள். நெடுநேரம் ஒலிக்காவிட்டால் கைப்பேசியை எடுத்து விசிஎஸ்1-ஐப் படிப்பேன்.