பால்கனி தீனித் தட்டு: அணிலும் புறாவும் படுத்தும் பாடு, அவசர உதவி!

பால்கனிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். குருவி வரட்டும் என்று பால்கனியில் தீனி வைத்தேன். வருவதெல்லாம் அணிலும் புறாவும்தான். வைத்த அரை மணியில் தட்டு காலி. புறா எச்சம் கழுவிக் கழுவிக் கை ஓய்ந்துவிட்டது. வீட்டுக்காரர் வேறு முறைக்கிறார். ஏதாவது வழி சொல்லுங்கள், சீக்கிரம்!

ஹலசூர் தம்பி:
எந்த ஏரியா? எத்தனையாவது மாடி? என்ன தீனி?

தினைமாவு:
தட்டா, தீனி போட்டுத் தொங்கவிடும் குழாயா? பக்கத்தில் மரம் உண்டா? இதெல்லாம் சொல்லாமல் எப்படிங்க?

மிளகாய் மாமா:
ஒன்றும் கேட்க வேண்டாம். தீனியில் மிளகாய்த்தூள் கலந்து வையுங்கள். பறவைக்குக் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். அறிவியல்பூர்வமான உண்மை.

தினைமாவு:
உண்மைதான் மாமா. ஆனால் புறாவும் பறவைதானே? அதற்கும் உறைக்காதே! காற்றடித்தால் தூள் கீழ்வீட்டுக் குழந்தை கண்ணில் விழும்.

வலைக்காரன்:
புறா வலை கட்டிவிடுங்கள். பெங்களூரில் பாதி அபார்ட்மென்ட் அப்படித்தான்.

ஹலசூர் தம்பி:
கட்டினால் குருவி எந்த வழியாக வரும் அண்ணா? லிஃப்டிலா?

பறவைப்பித்தன்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாயிற்று. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். சரி, கேளுங்கள். கம்பத்தில் மாட்டுங்கள். தரையிலிருந்து ஐந்தடி உயரம், சுவரிலிருந்து ஏழடி தள்ளி, மேலே ஒன்பதடிக்குள் கிளை இருக்கக் கூடாது. உலகம் முழுக்க இதுதான் விதி.

தினைமாவு:
அது அமெரிக்கச் சாம்பல் அணிலுக்குச் சொன்ன கணக்கு சார். நம்ம முதுகில் மூன்று கோடு போட்ட அணில் நூறு கிராம் தேறினால் அதிகம். பால்கனியில் ஏழடிக்கு எங்கே போக?

பறவைப்பித்தன்:
அடிப்படை தெரியாதவர்களோடு வாதம் செய்வதில்லை.

பால்கனிவாசி:
ராமமூர்த்தி நகர், இரண்டாம் மாடி. கம்பியை ஒட்டிப் புங்கை மரம். எவர்சில்வர் தட்டில் வேர்க்கடலையும் நேற்றைய சோறும் வைக்கிறேன்.

ஹலசூர் தம்பி:
அக்கா, கடலை வைத்து அணிலுக்குப் பத்திரிகையே அடித்திருக்கிறீர்களே!

மிளகாய் மாமா:
கம்பியில் வாஸ்லின் தடவினால் வழுக்கிவிடும்.

தினைமாவு:
தயவுசெய்து வேண்டாம். இறகில் ஒட்டினால் போகாது, பறவை பறக்கவே திண்டாடும். அக்கா, முதலில் சோறும் கடலையும் நிறுத்துங்கள். தட்டையும் எடுத்துவிடுங்கள், புறாவுக்கு உட்காரத் தட்டையான இடம் வேண்டும். சின்னத் துளையும் விரல்நீளக் குச்சியும் உள்ள குழாயில் தினை மட்டும் போட்டுத் தொங்கவிடுங்கள். குச்சியில் புறா நின்று தின்ன முடியாது, சில்லை என்ற குட்டிப் பறவையும் குருவியும் சுலபமாகக் கொத்தும். கம்புத் தானியம் வேண்டாம், அது புறாவுக்கு விருந்து. காலையில் ஒரு கைப்பிடி போதும். சிந்தியதை அன்றே பெருக்கிவிடுங்கள், இல்லையென்றால் புறா கீழே பந்தி போடும்.

வலைக்காரன்:
குழாயைச் சுற்றி ஒன்றரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) கூண்டு போடலாம். எஸ்.ஜே.பி. ரோட்டு ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். புறா, மைனா இரண்டும் வெளியே நிற்கும்.

தினைமாவு:
அணில் நிற்காதே! தலை போனால் உடம்பும் போய்விடும். தொங்கவிடும் கம்பிக்கு மேலே அகலமான பிளாஸ்டிக் மூடி மாட்டினால் இறங்கச் சிரமப்படும். மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. ஆனாலும் ஒன்றிரண்டு தாவத்தான் செய்யும்.

ஜெயநகர் சீதா:
பாவம், அணிலும் ஒரு ஜீவன்தானே? ராமருக்கே உதவியது. புறாவுக்குப் போடுவது புண்ணியம். விரட்ட உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

வலைக்காரன்:
எச்சம் காய்ந்து தூசியாகி நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேளுங்கள் அம்மா. மும்பையில் 2025இல் தாதரில் புறாவுக்குத் தீனி போடும் இடமான கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டே மூடினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

ஜெயநகர் சீதா:
வண்டிப் புகையில் வராத வியாதியா புறாவால் வரப்போகிறது?

பறவைப்பித்தன்:
இழை திசைமாறுகிறது. நான் சொன்ன விதியைப் பின்பற்றியிருந்தால் இத்தனை பேச்சே வந்திருக்காது.

ஹலசூர் தம்பி:
சார், அந்த ஏழடியை மட்டும் எங்கே என்று காட்டிவிடுங்கள்.

ஜெயநகர் சீதா:
எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இத்தனை வருஷமாக அரிசி போடுகிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வலைக்காரன்:
உங்கள் கீழ்வீட்டுக்காரரும் அதையே சொல்வாரா?

பால்கனிவாசி:
தட்டை எடுத்துவிட்டேன். குழாய் மாட்டியாச்சு, தினை மட்டும். புறா ரொம்பக் குறைந்துவிட்டது, புள்ளிச் சில்லை வருகிறது. அணில் இன்னும் வருகிறது, பரவாயில்லை. தினைமாவுக்கு நன்றி!

மிளகாய் மாமா:
குழாய் எந்தக் கடையில் வாங்கினீர்கள்? என்ன விலை?

ஹலசூர் தம்பி:
அக்கா? கடைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள், எனக்கும் வேண்டும்.