சிஎன்சி ரூட்டருக்கு 36 வோல்ட்டா, 48 வோல்ட்டா?

தச்சன்மகன்:
மரவேலைக்கு சிஎன்சி ரூட்டர், அதாவது கணினி சொல்லும் வழியில் மரத்தைச் செதுக்கும் இயந்திரம், கட்டுகிறேன். நெமா 23 அளவில் மூன்று ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும்) மோட்டார், ஒவ்வொன்றும் 4.2 ஆம்ப். ஒவ்வொரு மோட்டாரையும் இயக்கும் டிரைவர் டிஎம்542. கடைக்காரர் 48 வோல்ட் சப்ளைதான் வேகம் தரும் என்கிறார். வாங்கலாமா அண்ணா?

பேனல்வயரிங்:
வேண்டாம் தம்பி. அந்த டிரைவரின் உச்ச வரம்பே 50 வோல்ட். கனமான கேன்ட்ரி (வெட்டும் தலையைச் சுமந்து நகரும் பாலம்) சட்டென்று நிற்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். 48 வைத்தால் வரம்பைத் தாண்டிவிடலாம். 36 வோல்ட், 350 வாட் எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கித் தரும் ஸ்விட்சிங் சப்ளை) எடுங்கள். 12.6 ஆம்ப் என்று கூட்டிப் பயப்படாதீர்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு போதும்.

காயில்கடை:
டிரான்ஸ்பார்மரும் நல்லதுதான், திரும்பி வரும் மின்சாரத்தைத் தாங்கும். ஆனால் 24 வோல்ட் ஏசி வாங்குங்கள். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர், அதைச் சீராக்கும் கெப்பாசிட்டர் தாண்டி 32 டிசி வரும். 36 ஏசி என்றால் 49 ஆகிவிடும்.

தச்சன்மகன்:
சரி, எஸ்எம்பிஎஸ்தான். ஒரு டிரைவரிலிருந்து அடுத்ததற்கு வயர் தாவவிடலாமா?

பேனல்வயரிங்:
கூடாது. ஒவ்வொன்றுக்கும் சப்ளையிலிருந்தே தனி ஜோடி, 1.5 சதுர மி.மீ., முறுக்கி இழுங்கள். ஸ்விட்ச் 230 வோல்ட் பக்கம் இருக்கட்டும். எர்த் கட்டாயம். அப்புறம், மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கழற்றாதீர்கள், டிரைவர் போய்விடும்.